சூடு ஏறாத டிரையர்: பழுது கம்பியிலா, காற்றிலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், பிற்பகல் மழை ஓய்ந்த பிறகு கொடித்துணியைத் தொட்டுப் பார்த்தால் காலையில் இருந்த ஈரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அதில் 24 கிராம் முன்பே நிறைந்துவிட்டது, துணியின் ஈரத்துக்கு மிஞ்சுவது 6 கிராம் இடமே. 60 பாகையில் அதே அளவு காற்று 130 கிராம் வரை தாங்கும். துணி உலர்த்தும் இயந்திரமான டிரையர் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறது: காற்றைச் சூடாக்கி, சுழலும் துணிகளுக்கிடையே செலுத்தி, ஈரம் சுமந்த காற்றை வெளியே தள்ளுகிறது. ஆகவே சூடு போதவில்லை என்றதும் வெப்பக் கம்பியைச் சந்தேகிப்பதற்கு முன், காற்று செல்லும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காற்று தடைபட்டால் கம்பியைச் சுற்றியுள்ள இடம் மட்டும் அளவுக்கு மீறிக் கொதிக்கும். அங்குள்ள தெர்மோஸ்டாட்டில், வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு இருக்கிறது. அது சூட்டில் வளைந்து 'டக்'கென்று மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் இணைக்கும். இப்படி விட்டு விட்டு எரிவதால், கம்பி தகித்தும் துணி நனைந்தே கிடக்கிறது.

தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கும் என் தங்கையின் டிரையரிலும் துணி காயவில்லை. "பஞ்சு வடிகட்டியைத் தினமும் துடைக்கிறேன் அண்ணே, பஞ்சே இல்லை" என்றாள். அதைக் குழாயடியில் பிடித்தோம். வலையில் விழுந்த நீர் ஒழுகாமல் தேங்கி நின்றது. துணியை மென்மையாக்க ஊற்றும் திரவத்தின் மெழுகு போன்ற படலம் வலைக்கண்களை அடைத்திருந்தது. வெந்நீரும் சோப்பும் போட்டு பழைய பிரஷால் தேய்த்த பிறகுதான் நீர் தடையின்றி இறங்கியது. இயந்திரத்தை நகர்த்திப் பார்த்தபோது, பின்னாலிருந்த காற்றுக்குழாய் சுவரோடு நசுங்கி, மடிப்புகளில் சாம்பல் நிறப் பஞ்சு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

இவற்றைச் சரிசெய்த பின்பும் தொட்டி சுழன்றதே தவிர, சூடு வரவில்லை. பல இயந்திரங்களில் மோட்டாருக்கும் வெப்பக் கம்பிக்கும் தனித்தனி மின்வழி என்பதால் இப்படி நேரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்தகட்டைக் கழற்றி, கம்பியின் இணைப்பைப் பிரித்து மல்டிமீட்டரில் அளந்தேன். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் கம்பிக்குத் தடை சுமார் 26 ஓம் இருக்க வேண்டும், அதுவே வந்தது. பக்கத்திலிருந்த வெப்ப பியூஸ்தான், அதாவது சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு காப்புதான், அறுந்திருந்தது. தெர்மோஸ்டாட்டைப் போலன்றி, இது ஒருமுறை அறுந்தால் மீண்டும் சேராது. அதன் இரு முனைகளையும் கம்பித் துண்டால் இணைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பஞ்சு எளிதில் தீப்பற்றும். கடைசிக் காவலையும் நீக்கிய இயந்திரத்தை எந்த வீட்டிலும் ஓடவிடக் கூடாது. பியூஸை மட்டும் மாற்றி, அடைப்பை அப்படியே விட்டாலும் புதியது விரைவிலேயே போய்விடும்.

பிளக்கையும் கவனிக்க வேண்டும். 2000 வாட் என்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். மின்கேத்தலோடு ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டினால் முனைகள் கருகும்.

நல்ல இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. துணியில் 2 கிலோ நீர் தங்கியிருந்தால், அதை ஆவியாக்கவே சுமார் 1.3 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். 2000 வாட் கம்பிக்கு அது 40 நிமிட வேலை, வீணாகும் வெப்பம் தனி. சலவை இயந்திரம் சரியாகப் பிழியாத துணியைப் போட்டுவிட்டு டிரையரைக் குறை சொல்வது நியாயமில்லை.

புதிய பியூஸைப் பொருத்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த அன்று, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகள் ஒரு மணி நேரத்தில் காய்ந்தன. குழாயின் வெளிமுனையில் கை வைத்தபோது, ஈரம் தோய்ந்த வெப்பக்காற்று உள்ளங்கையில் வலுவாக மோதியது.