30 தாலந்து பொன்னும் ஒரு சுரங்கமும்: பைபிளின் வரலாற்றை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கி.மு. 701இல் அசீரியப் பேரரசன் சனகெரிப் பெரும்படையோடு யூதா நாட்டுக்குள் நுழைந்தான். யூதாவின் தலைநகர் எருசலேமில் அப்போது எசேக்கியா அரசன். இந்தப் போரைப் பற்றி இரண்டு தரப்பும் எழுதிவைத்தது இன்று நம் கையில் இருக்கிறது. யூதாவின் பதிவு பைபிளில், இரண்டாம் இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களில். அசீரியப் பதிவு, ஆறு முகம் கொண்ட சுட்ட களிமண் பட்டகங்களில் ஆப்பெழுத்தில்.

எசேக்கியா கட்டிய கப்பம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்கிறது பைபிள் (தாலந்து என்பது பழைய எடை அளவு). 800 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்கிறது சனகெரிபின் பட்டகம். வெள்ளிக் கணக்கு உதைக்கிறது. பொன் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருக்கவும் வழியில்லை. அந்தப் பட்டகங்கள் 19ஆம் நூற்றாண்டு வரை மண்ணுக்குள் கிடந்தவை. அதற்குள் பைபிளின் இந்தப் பகுதி எழுதி முடிக்கப்பட்டு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இதைவிட முக்கியம், இரண்டு பதிவுகளும் தம்மை அறியாமல் சொல்லிவிடும் விஷயம். எசேக்கியாவைப் பெரிதும் புகழும் பைபிள், அவன் ஆலயக் கதவுகளில் இருந்த பொன் தகட்டையே பெயர்த்துக் கொடுத்ததை மறைக்கவில்லை. சனகெரிபோ 46 அரண் சூழ்ந்த நகரங்களைப் பிடித்ததாக முழங்குகிறான். எருசலேம் என்று வரும்போது மட்டும் எசேக்கியாவைக் 'கூண்டுப் பறவைபோல' அடைத்துவைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். பிடித்தேன் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற அரசனும் அல்ல அவன். தனக்குப் பெருமை சேர்க்காத ஒன்றை ஒருவன் ஒப்புக்கொள்ளும்போதும், தம்பட்டம் அடிக்க வேண்டிய இடத்தில் அடக்கி வாசிக்கும்போதும் வரலாற்றாசிரியர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து மண்ணே பேசுகிறது. சனகெரிப் முற்றுகையிட்ட யூதாவின் லாகீஸ் நகரத்தைத் தோண்டியபோது, மதிலேறுவதற்காக அசீரியர் கல்லைக் குவித்துக் கட்டிய சரிவு மேடு கிடைத்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான அம்பு முனைகள், கவண் கற்கள். அதே மேட்டின் மீது அசீரியப் படை ஏறும் காட்சி அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவரில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது. இப்போது அது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக நூல், எதிரியின் கல்வெட்டு, சிற்பம், அகழாய்வு என்று நான்கு சாட்சிகள். ஒரே இரவில் தேவதூதன் அசீரியப் படையில் 1,85,000 பேரைக் கொன்றான் என்று பைபிள் சொல்வதை இந்தச் சாட்சிகளில் எதனாலும் சோதிக்க முடியாது. போர் நடந்தது உறுதி என்பதால் அந்த வசனமும் உறுதியாகிவிடாது. அந்த வசனத்தைச் சோதிக்க முடியவில்லை என்பதால் போர் பொய்யாகிவிடாது. பைபிள் உண்மையா பொய்யா என்று மொத்தமாகக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எந்த வசனம், எந்தக் காலம் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு அதே எசேக்கியா அருமையான உதாரணம். அவன் நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தான் என்று இரண்டாம் இராஜாக்கள் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. எருசலேமில் கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை பாறையைக் குடைந்த 533 மீட்டர் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1880இல் அதன் சுவரில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு முனையிலிருந்தும் தோண்டிவந்த ஆட்கள், இன்னும் மூன்று முழம் இருக்கையில் பாறைக்கு அப்பாலிருந்து ஒருவன் கூப்பிடும் குரலைக் கேட்டதாகவும், கடைசியில் கோடரிக்கு எதிராகக் கோடரி இறங்கியதாகவும், தண்ணீர் பாய்ந்ததாகவும் அது சொல்கிறது. அரசன் பெயர் மட்டும் இல்லை. அதனால் சந்தேகம் நீடித்தது. சுரங்கம் எசேக்கியாவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்று 1996இல் இரண்டு அறிஞர்கள் வாதிட்டார்கள்.

2003இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இதை இரண்டு பக்கமிருந்தும் நெருக்கியது. தண்ணீர் கசியாமலிருக்கச் சுரங்கத்தின் தரையில் பூசிய காரைக்குள் செடித் துணுக்குகள் சிக்கியிருந்தன. செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 அதற்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்தபின் வரவு நின்று, இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மீதியை அளந்தால் செடி இறந்த காலம் தெரியும். காரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கூரையிலிருந்து தொங்கும் கசிவுத்துளிப் பாறைகளில் வேறு கடிகாரம் ஓடுகிறது. யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த பாறையில் யுரேனியம் மட்டுமே இருக்கும். அது சிதையச் சிதையத் தோரியம் சேரும். இரண்டின் விகிதம் பாறையின் வயதைச் சொல்லும். சுரங்கம் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது கி.மு. 700ஐ ஒட்டிய காலம் வந்தது. எசேக்கியாவின் காலம்.

எசேக்கியாவிலிருந்து பின்னோக்கிப் போகப் போகச் சாட்சிகள் குறைகின்றன. யூதா அரச வம்சத்தின் மூதாதை என்று பைபிள் சொல்லும் தாவீது என்று ஓர் அரசனே இருந்ததில்லை என்று சில அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1993இல் வடக்கு இஸ்ரேலில் தெல் தான் என்ற இடத்தில், பழைய சுவர் ஒன்றில் கட்டுமானக் கல்லாகச் செருகப்பட்டிருந்த அரமேயக் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யூதாவுக்கு வடக்கே இருந்த இஸ்ரேல் அரசின் மன்னனையும், 'தாவீதின் வீட்டு' அரசனையும், அதாவது யூதா அரசனையும், கொன்றதாகச் சிரியாவின் அரமேய மன்னன் ஒருவன் அதில் பெருமையடிக்கிறான். தாவீதின் பெயரால் ஒரு வம்சம் இருந்ததை எதிரியே சொல்லிவிட்டான். இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று உண்டு. உடைந்த எழுத்துகளை நிரப்பிப் படித்தால் கொல்லப்பட்டவர்கள் இஸ்ரேல் அரசன் யோராமும் யூதா அரசன் அகசியாவும். பைபிளின்படி அந்த இருவரையும் கொன்றது யோராமின் படைத்தலைவன் யெகூ. தாவீதின் வம்சத்தை உறுதிப்படுத்தும் அதே கல், அந்தக் கொலைக் கதையில் பைபிளோடு முரண்படுகிறது.

தாவீது, அவன் மகன் சாலொமோன் காலத்துப் பேரரசு பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. மெகிதோ, ஆத்சோர், கேசேர் ஆகிய ஊர்களின் பெரிய வாயில்கள் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் சாலொமோனுடையவை என்றார் தொல்லியலாளர் யிகாயேல் யாதின். ஒரு நூற்றாண்டு பிந்தி இஸ்ரேல் அரசன் ஆகாபின் குடும்பம் கட்டியவை என்கிறார் இன்னொரு தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன். கார்பன் அளவீட்டிலும் சில பத்தாண்டுகள் முன்னே பின்னே போகும். இங்கே வழக்கே நூறு ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் உத்தரக் கட்டையை விட்டுவிட்டு ஒலிவ விதைகளையும் தானிய மணிகளையும் தேடுகிறார்கள். கட்டை வெட்டப்படுவதற்கு முன்பே நூறு ஆண்டு வளர்ந்திருக்கலாம், பழைய வீட்டிலிருந்து எடுத்தும் போட்டிருக்கலாம். விதை ஒரே பருவத்தின் விளைச்சல்.

இன்னும் முன்னே போனால் நூல் சொல்வதும் மண் சொல்வதும் பிரிந்துவிடுகின்றன. இஸ்ரவேலரைக் கானானுக்குள் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) நடத்திச் சென்றதாகப் பைபிள் சொல்லும் யோசுவாவின் காலத்தில் எரிகோவின் மதில் விழுந்ததற்கு ஆதாரம் கிடைத்ததாக 1930களில் சொல்லப்பட்டது. 1950களில் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் அடுக்கடுக்காகத் தோண்டிக் காட்டினார்: அந்த மதில் பல நூற்றாண்டுகள் பழையது, யோசுவாவுக்குப் பொருத்திச் சொல்லப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை. ஆதியாகமத்தில், யோசுவாவுக்கும் பல தலைமுறை முந்திய மூதாதை ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு புறப்படுகிறான். சாக்கடலுக்குத் தெற்கே அராபா பள்ளத்தாக்கின் செம்புச் சுரங்கங்களிலோ பழக்கிய ஒட்டகத்தின் எலும்புகள் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகின்றன. எகிப்திலிருந்து ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் கால்நடையாகப் புறப்பட்டார்கள் என்கிறது யாத்திராகமம். சீனாய் பாலைவனத்தில் அத்தனை பேர் நாற்பது ஆண்டு வாழ்ந்த தடம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு சிறு கூட்டம் எகிப்திலிருந்து தப்பி வந்து, அவர்களுடைய நினைவு பிறகு எல்லாருடைய நினைவாகவும் ஆகியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. ஆனால் அது ஊகம்தான்.

அப்படியானால் இஸ்ரவேலர் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு எகிப்தியக் கல் ஒன்றில் இருக்கிறது. மெர்னெப்தா அரசன் கி.மு. 1208 வாக்கில் நாட்டிய அந்தக் கல்லை 1896இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தேப்ஸ் நகரில் கண்டெடுத்தார். தோற்கடித்த இடங்களாக அஸ்கலோன், கேசேர் முதலிய பெயர்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் 'அந்நிய நாடு' என்பதைக் காட்டும் குறி. இஸ்ரவேல் என்ற பெயருக்குப் பின்னால் மட்டும் ஓர் ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்கும் உருவமும் பன்மையைக் காட்டும் மூன்று கோடுகளும். அந்த எகிப்திய எழுத்தருக்கு அவர்கள் ஒரு நாடாகவோ நகரமாகவோ தெரியவில்லை, ஒரு மக்கள் கூட்டமாகவே தெரிந்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் கானானின் நடு மலைப்பகுதியில் ஏறக்குறைய 250 சிற்றூர்கள் புதிதாக முளைத்ததை, 1967க்குப் பின் நடந்த கள ஆய்வுகள் காட்டின. மதில் இல்லை, அரண்மனை இல்லை. மண்பாண்டங்கள் கானானிய வழக்கத்தின் தொடர்ச்சி. எபிரெயமும் கானானிய மொழிக் குடும்பம்தான். வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் என்பதைவிட, கானானுக்குள்ளிருந்தே மலையேறிக் குடியமர்ந்தவர்கள் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இந்த ஊர்களின் குப்பையில் ஆட்டெலும்பும் மாட்டெலும்பும் ஏராளம். பன்றி எலும்பு கிட்டத்தட்ட இல்லை. கடலோரப் பெலிஸ்தர் நகரங்களில் பன்றி தாராளம். இதை வைத்தே இஸ்ரவேலரை அடையாளம் காணலாம் என்று சில காலம் நம்பினார்கள். பிறகு, வடக்கு இஸ்ரேல் அரசின் ஊர்கள் சிலவற்றில் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பன்றி எலும்பு கூடுவது தெரிந்தது. ஓர் எலும்பை வைத்து ஓர் இனத்தை எழுதிவிட முடியாது.

மதமும் ஒரே நாளில் உருவானதல்ல. சீனாயில் குந்தில்லத் அஜ்ரூத் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 800ஐ ஒட்டிய பானை எழுத்துகள் 'சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்' ஆசி தரட்டும் என்கின்றன. சமாரியா வடக்கு இஸ்ரேலின் தலைநகர், யாவே இஸ்ரவேலரின் கடவுளின் பெயர். அஷேரா என்பது கானானியப் பெண் தெய்வத்தின் பெயர். பைபிளின் தீர்க்கதரிசிகள் மூச்சுவிடாமல் எதிர்த்த வழிபாடு அவளுடையது. இல்லாத ஒன்றை யாரும் அவ்வளவு எதிர்ப்பதில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தின் எலிஃபண்டைன் தீவில் வாழ்ந்த யூதர்கள் தங்களுக்கென்று தனிக் கோயில் வைத்துப் பலியிட்டு வந்தார்கள். எருசலேமுக்கு வெளியே பலியிடக் கூடாது என்ற பைபிளின் உபாகம நூலின் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தியதாகத் தெரியவில்லை. கி.மு. 410இல் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. திரும்பக் கட்ட உதவி கேட்டு, 407இல் யூதாவின் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய அரமேயக் கடிதம் பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. கட்டலாம் என்று வந்த பதிலில் தானியப் படையலுக்கும் தூபத்துக்கும் இடமிருந்தது; மிருக பலி பற்றிப் பேச்சே இல்லை.