'சல்ட்ரி' என்றால் புழுக்கமா, மயக்கமா?

டாரிட், சல்ட்ரி, ஸ்டீமி, ஆர்டென்ட், ஃபெர்வென்ட். ஆங்கிலத்தில் வெப்பத்துக்கும் காதலுக்கும் தொடர்புடைய உரிச்சொற்கள் இப்படி ஒரு கூட்டமே உண்டு. சிறிய அகராதிகள் இவை எல்லாவற்றுக்கும் 'கடும் வெப்பமான', 'காதல் வேட்கை மிகுந்த' என்று ஏறக்குறைய ஒரே பொருளைப் போட்டுவிடும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கும்போதுதான் வாக்கியம் கெடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் காய்ந்த வெப்பத்தைச் சொல்கிறதா, ஈர வெப்பத்தையா என்பது. ஸ்கார்ச்சிங், சியரிங், டாரிட் எல்லாம் காய்ந்த வகை. சல்ட்ரி, ஸ்டீமி, மக்கி (muggy) ஆகியவை ஈரம். வறண்ட காற்றில் 42 டிகிரி அடித்தாலும் அது சல்ட்ரி ஆகாது. 32 டிகிரிதான், ஆனால் இலை அசையவில்லை, உடம்பெல்லாம் கசகசப்பு என்றால் சல்ட்ரி கச்சிதமாகப் பொருந்தும்.

ஈரச் சொற்கள் காதல் பக்கம் தாவினால் உடம்பைத்தான் பேசும். சல்ட்ரி வாய்ஸ், சல்ட்ரி லுக் என்றால் கிறங்கடிக்கும் குரல், கிறங்கடிக்கும் பார்வை. தமிழில் புழுக்கம் மனதுக்கு ஏறினால் மனப்புழுக்கம், அதாவது வெளியே சொல்ல முடியாத வேதனை. அதனால்தான் நம்மவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். இன்னொன்று, சல்ட்ரி பெரும்பாலும் பெண்களைப் பற்றியே எழுதப்படும் சொல். கதையில் வரலாம், உடன் வேலை பார்ப்பவரைப் பற்றிய குறிப்பில் வந்தால் அவமதிப்பு.

ஸ்டீமி இதைவிடச் சங்கடமானது. ஏசி வேலை செய்யாத அறையில் கூட்டம் நடந்தது என்று சொல்ல நினைத்து 'வி ஹேட் எ ஸ்டீமி மீட்டிங்' என்று மின்னஞ்சலில் எழுதினால், படிப்பவர் வேறு எதையோ கற்பனை செய்துகொள்வார். 'தி ரூம் வாஸ் ஸ்டஃபி' என்றால் போதும். காரசாரமான விவாதம் நடந்தது என்று சொல்ல வேண்டுமா? அதற்கு ஹீட்டட் இருக்கிறது.

ஆனால் மக்கி, ஸ்வெல்டரிங் (வியர்த்துக் கொட்டவைக்கும் வெப்பம்) இரண்டும் வானிலையோடு நின்றுவிட்டன. 'ஸ்வெல்டரிங் லவ்' என்று யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் ஸ்வெல்டரிங்கும் சல்ட்ரியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேரின் பொருள் சாவது. ஒன்றுக்குக் காதல் வாய்த்தது, மற்றதற்கு வியர்வைதான்.

அதிகம் ஏமாற்றுவது டாரிட். வறுத்துக் காயவைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. டோஸ்டுக்கும் மூலம் அதுவே. புவியியலில் டாரிட் ஸோன் என்பது நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 23.5 டிகிரி வரையுள்ள வெப்ப மண்டலம். காதலில் 'டாரிட் அஃபேர்' என்றால் மூர்க்கமான உறவு. பெரும்பாலும் அதில் கள்ள உறவின் சாயல் ஒட்டியிருக்கும். திருமண நாள் வாழ்த்தில் 'யுவர் டாரிட் லவ்' என்று எழுதினால் விளைவை யோசித்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் செய்தியில் இன்னொரு பள்ளம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு வீரருக்கு 'டாரிட் டைம்' என்றால் அவர் படாத பாடு பட்டார். அமெரிக்க ஆங்கிலத்தில் 'டாரிட் பேஸ்' (pace, வேகம்) என்றால் வெளுத்து வாங்குகிறார். மொழிபெயர்ப்பவர் எந்த நாட்டுப் பத்திரிகை என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

ஆர்டென்ட் எரிவதிலிருந்தும், ஃபெர்வென்ட் கொதிப்பதிலிருந்தும் வந்தவை. இன்று இரண்டிலும் உடம்புச் சூடு இல்லை, மனதின் தீவிரம் மட்டும்தான். ஆர்டென்ட் அட்மையரர், ஆர்டென்ட் சப்போர்ட்டர் என்று யாருக்கும் கூச்சமின்றி எழுதலாம். ஃபெர்வென்ட் பிரார்த்தனைக்கும் நம்பிக்கைக்கும் கூடுதலாகப் பொருந்தும். அதன் தம்பி ஃபெர்விட்டில் 'கொஞ்சம் ஓவர்' என்ற தொனி உண்டு. பேஷனட் காதலுக்கும் கொள்கைக்கும் வரும், வெயிலுக்கு வராது. (பயோடேட்டாவில் அதற்கு ஓய்வு கொடுத்தால் நல்லது.)

ஹாட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஐயம் ஹாட்' இலக்கணப்படி சரி. சூழல் தெளிவாக இருந்தால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். மூன்றாம் நபருக்கு வரும்போதுதான் ஆபத்து. காய்ச்சலில் கிடப்பவரை 'ஷி இஸ் ஹாட்' என்றால் அழகி என்று காதில் விழும். 'ஷி ஹேஸ் எ டெம்பரேச்சர்' என்பதே வழக்கு.

அழுத்தம் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். வெரி ஹாட் சரி, வெரி ஸ்கார்ச்சிங் தவறு. உச்ச வெப்பம் ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குள் இருப்பதால் முன்னால் அப்ஸல்யூட்லி போடுவார்கள். பைப்பிங் ஹாட் பெரும்பாலும் உணவுக்கும் பானத்துக்கும்தான். எழுதும்போது சந்தேகம் வந்தால் உரிச்சொல்லைத் தேடாமல் அடுத்து வரும் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். எந்தச் சொல்லோடு எது சேரும் என்று காட்டும் சொற்சேர்க்கை அகராதியில் 'அஃபேர்' என்ற பதிவைத் திறந்தால் அதற்கு முன்னால் எவை வரும், எவை வராது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.