முட்டி மடங்குவது இருக்கட்டும், நீளுகிறதா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து பிசியோதெரபிக்கு வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி மடங்குது?" என்றுதான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 100 வந்துவிட்டதாம், தனக்கு இன்னும் 80 தானாம். கால் முழுசாக நீளுகிறதா என்று கேட்பவர்கள் அபூர்வம்.

எனக்கு அதுதான் கவலை. சமதரையில் நடக்க 65, 70 டிகிரி மடங்கினாலே போதும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 90ஐ ஒட்டி வேண்டும். ஆனால் முட்டி நீளாமல் 10, 15 டிகிரி வளைவிலேயே நின்றுவிட்டால், சும்மா நிற்பதற்குக்கூடத் தொடையின் முன்தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அறுவைக்குப் பின் ஏற்கெனவே பலமிழந்த தசை அது. சீக்கிரம் களைத்துவிடும், நடையில் விந்தலும் ஒட்டிக்கொள்ளும்.

இதற்குப் பல நேரம் காரணம் ஒரு தலையணை. வீங்கிய முட்டியை லேசாக மடக்கி வைத்தால் உள்ளே அழுத்தம் குறையும், சுகமாக இருக்கும். அதனால் வீட்டில் உள்ளவர்கள் பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணையைச் செருகுவார்கள். நாள்கணக்கில் இப்படியே படுத்தால் பின்பக்கத் திசுக்கள் இறுகிவிடும். தலையணையைக் கணுக்காலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தன் எடையிலேயே தாழ்ந்து நீளும். முதலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. பரவாயில்லை, ஒரு நாளைக்குப் பல தடவை செய்யுங்கள். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்தால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்காது.

ஊன்றுகோல் அறுவை செய்யாத பக்கத்துக் கையில். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க அறுவை செய்த கால் முதலில்.

முட்டியில் சூடும் வீக்கமும் சில மாதம் வந்து வந்து போகும். மாலையில் வீக்கம் கூடினால் அன்று அதிகம் நடந்துவிட்டீர்கள், மறுநாள் குறையுங்கள். தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் சகஜம். சகஜமில்லாதவை வேறு: கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், காயத்தில் நீரோ சீழோ கசிவது, காய்ச்சல். அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு.

கார் ஓட்டலாமா என்று பலர் நாலாவது வாரமே கேட்பார்கள். வலது முட்டி என்றால் ஆறு வாரமாவது ஆகும். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும், யோசிக்காமல் பிரேக்கை ஓங்கி மிதிக்க முடிய வேண்டும், மருத்துவரும் சரி என்று சொல்ல வேண்டும். நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து முதலில் மிதித்துப் பாருங்கள்.