தபால் உறையின் மடிப்புக்கு அடியில்: டெக்சாஸ் வாக்களிப்பு விதிகளைப் புரிந்துகொள்வது

டெக்சாஸ் மாநிலத்தில் தபால் மூலம் வாக்களிப்பவர் தம் வாக்குச்சீட்டை அனுப்பும் வெளியுறையில், ஒட்டும் மடிப்புக்கு அடியில், ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. ஓட்டுநர் உரிம எண்ணையோ, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ அதில் எழுத வேண்டும். உறையை ஒட்டிய பிறகு அந்த எண் பிறர் கண்ணில் படாது என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவசரமாக ஒட்டுகிற வாக்காளரின் கண்ணிலும் அந்தக் கட்டம் படாமல் போய்விடுகிறது. இந்த விதி நடைமுறைக்கு வந்த பிறகு 2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல்நிலைத் தேர்தலில் ஏறத்தாழ 25,000 தபால் வாக்குகள், அதாவது வந்து சேர்ந்தவற்றில் சுமார் எட்டில் ஒன்று, நிராகரிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த எண் விடுபட்டதோ, பதிவேட்டோடு பொருந்தாததோதான். 2020 அதிபர் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை சுமார் ஒரு விழுக்காடு மட்டுமே.

அமெரிக்க மாநிலங்களின் கடுமையான வாக்களிப்புச் சட்டங்களைப் பற்றிய விவாதம் தொலைக்காட்சியில் கட்சிச் சண்டையாகத்தான் தெரியும். தகுதியுள்ள ஒருவரின் வாக்கு எண்ணப்படுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இத்தகைய கட்டங்களும் படிவங்களும் கெடு நாள்களும்தான். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் குடியுரிமை பெற்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால், டெக்சாஸையே எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

இந்தியாவில் நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம் இருப்பதைப் போன்ற அமைப்பு அமெரிக்காவில் இல்லை. தேர்தலை எப்போது, எங்கே, எப்படி நடத்துவது என்பதை முதலில் மாநிலச் சட்டமன்றமே வகுக்கலாம் என்றும், நாடாளுமன்றம் அதை மாற்றலாம் என்றும் அரசமைப்பின் முதல் பிரிவு சொல்கிறது. மாநிலங்களிடம் இருந்த இத்தகைய அதிகாரங்களைக் கொண்டுதான் தென்மாநிலங்கள் பல பத்தாண்டுகளாக வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று தடைகள் போட்டுக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அந்த நிலைக்குப் பெருமளவு முடிவு கட்டியது. பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்தாலும் கூட்டாட்சி அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. டெக்சாஸும் அந்தக் கண்காணிப்பில் இருந்தது. 2013 ஜூன் 25 அன்று, எந்தெந்தப் பகுதிகள் ஒப்புதல் பெற வேண்டும் என்று தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை நீக்கியது. அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த 2011-ஆம் ஆண்டின் புகைப்பட அடையாளச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக டெக்சாஸ் அன்றைய தினமே அறிவித்தது.

வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்பதில் என்ன தவறு என்பது தமிழ் வாசகருக்கு உடனே எழும் கேள்வி. இந்தியாவில் சேஷன் காலத்தில் 1993-இல் தொடங்கிய புகைப்பட வாக்காளர் அட்டையை நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அங்கே அட்டையைத் தருவது தேர்தல் ஆணையம். அது இல்லாவிட்டால் புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை உள்ளிட்ட வேறு ஆவணங்களும் ஏற்கப்படுகின்றன. அமெரிக்காவில் எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை கிடையாது. கார் ஓட்டாதவர், வெளிநாடு போகாதவர், வாடகை வீடு விட்டு வீடு மாறுகிற ஏழை ஆகியோரிடம் புகைப்பட அட்டை இல்லாமலிருப்பது வியப்பில்லை. டெக்சாஸ் சட்டத்தின் மீதான வழக்கில், பதிவு பெற்ற வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் ஏற்கத்தக்க அட்டை இல்லை என்று கூட்டாட்சி நீதிபதி கண்டறிந்தார். கட்டணமில்லாத தேர்தல் அடையாளச் சான்று உண்டுதான். ஆனால் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளான 254 கவுண்டிகளில் பலவற்றில் அதை வழங்கும் ஓட்டுநர் உரிம அலுவலகமே இல்லை.

ஏற்கத்தக்கவை எவை என்பதிலும் சர்ச்சை இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ராணுவ அட்டை, புகைப்படத்துடன் கூடிய குடியுரிமைச் சான்றிதழ், கைத்துப்பாக்கி உரிமம் ஆகியவை செல்லும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை செல்லாது. இந்த வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் பாகுபாட்டு விளைவு கொண்டது என்று தீர்ப்பளித்ததால், 2017-இல் ஒரு தளர்வு வந்தது. அட்டை பெற முடியாததற்கான நியாயமான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு, மின்கட்டண ரசீது, வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு போன்ற ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். இந்த வழி இருப்பது தெரியாமலே திரும்பிப் போகிறவர்கள் இருக்கக்கூடாது.

நம் பெயர்களுக்கென ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஆவணத்தில் தலைப்பெழுத்து, இன்னொன்றில் தந்தையின் முழுப்பெயர், மூன்றாவதில் ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். அட்டையிலுள்ள பெயரும் வாக்காளர் பட்டியலிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெருமளவு ஒத்திருந்தால் போதும், இரண்டும் ஒரே நபர் என்று வாக்காளர் உறுதியளித்து வாக்களிக்கலாம். சந்தேகம் எழுந்தாலும், தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணப்படும் தற்காலிக வாக்குச்சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.

தபால் வாக்கை இறுக்கியது 2021 செப்டம்பரில் ஆளுநர் கிரெக் அபாட் கையொப்பமிட்ட சட்டம். அதை நிறைவேற விடாமல் தடுப்பதற்காக ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறி வாஷிங்டனில் தங்கியது அப்போது பெரிய செய்தி. 2020-இல் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி இரவு முழுவதும் திறந்திருக்கும் வாக்குச்சாவடிகளையும், காரிலிருந்தபடியே வாக்களிக்கும் ஏற்பாட்டையும் செய்தது; சுமார் 1,27,000 பேர் காரிலிருந்தே வாக்களித்தார்கள். இரவுப் பணி முடித்து வரும் செவிலியருக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் உதவிய அந்த இரண்டையும் புதிய சட்டம் தடை செய்தது. கேட்காதவருக்குத் தபால் வாக்கு விண்ணப்பம் அனுப்புவதும் அதிகாரிகளுக்குக் குற்றமாக்கப்பட்டது.

ஆதரிப்பவர்களின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு சொல்ல வேண்டும். ஆள்மாறாட்டம் மிக அரிது என்பது உண்மை; ஆனால் தபால் வாக்கில் மோசடிக்கு இடமுண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2018-இல் வட கரோலினாவின் 9-ஆம் நாடாளுமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளருக்காக வேலை செய்த ஒருவரின் ஆட்கள் தபால் வாக்குகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்தது அம்பலமானதால், மறுதேர்தலே நடத்த வேண்டியதாயிற்று. முன்னாள் அதிபர் கார்ட்டர் இணைத்தலைவராக இருந்த குழு 2005-இலேயே புகைப்பட அட்டையைப் பரிந்துரைத்தது. கருத்துக் கணிப்புகளில் அமெரிக்கர்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கினர் அட்டை காட்டுவதை ஆதரிக்கிறார்கள். அதே குழு, அரசே தேடிச்சென்று அட்டையை இலவசமாக வழங்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டமியற்றியவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டார்கள் என்பதே என் குறை.

டெக்சாஸில் 65 வயது நிறைந்தோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், வாக்களிக்கும் நாள்களில் கவுண்டியில் இல்லாதோர் உள்ளிட்ட சிலர் மட்டுமே தபாலில் வாக்களிக்கலாம். பிள்ளைகளோடு வாழ வந்து குடியுரிமை பெற்ற நம் மூத்தோர் பலர் இதில் அடங்குவர். விண்ணப்பத்திலும் உறையிலும் எழுதும் எண், வாக்காளராகப் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணோடு பொருந்த வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? எனவே ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இரண்டையும் எழுதிவிடுவதே பாதுகாப்பு. தகுதியை நிர்ணயிப்பதற்குத் தேவையற்ற எழுத்துப் பிழைக்காக வாக்கை மறுக்கக்கூடாது என்ற 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தை இந்த விதி மீறுகிறது என்று கீழ் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ஆங்கிலம் படிக்க இயலாத பெற்றோருக்கு இன்னொரு உரிமை இருக்கிறது. 2014-இல் வில்லியம்சன் கவுண்டியில் வங்காள மொழி பேசும் ஒரு தாய், வாக்குச்சீட்டை மொழிபெயர்க்கத் தம் மகனை அழைத்துச் சென்றார். மகன் பக்கத்துக் கவுண்டியில் பதிவு செய்தவர் என்பதற்காக அவரை உதவ விடவில்லை; அந்தத் தாய் உதவியின்றி வாக்களித்தார். வழக்கு முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். படிக்க இயலாத வாக்காளர் தாம் விரும்பும் எவரையும் உதவிக்கு அழைக்கலாம், தம் முதலாளியையும் தொழிற்சங்கத்தின் பிரதிநிதியையும் மட்டும் அழைக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டமே மேலானது என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தாயின் வழக்கால் கிடைத்த தெளிவு நம் அம்மா அப்பாவுக்கும் பொருந்தும். உதவுபவர் படிவத்தில் தம் பெயர், முகவரி, உறவுமுறையை எழுதி உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. அதற்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டாம்.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் 2019 ஜனவரியில் நடந்ததையும் அறிந்திருக்க வேண்டும். குடிமக்கள் அல்லாதோர் எனச் சந்தேகிக்கப்படுபவர்கள் என்று சுமார் 95,000 வாக்காளர்களின் பட்டியலை மாநில அரசு கவுண்டிகளுக்கு அனுப்பியது. சில நாள்களிலேயே அதில் பல்லாயிரம் பேர் முறையாகக் குடியுரிமை பெற்றவர்கள் என்பது தெரிந்தது. கிரீன் கார்டு வைத்திருந்த காலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்து, பிறகு குடிமகனானவரை, பழைய உரிமப் பதிவேடு இன்னும் வெளிநாட்டவராகவே காட்டியதுதான் காரணம். வழக்குகளுக்குப் பிறகு ஏப்ரலில் அரசு அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. குடியுரிமை கிடைத்தவுடன் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் விவரத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லிக் கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால், குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள். கிரீன் கார்டோ பணி விசாவோ மட்டும் வைத்திருப்பவர், யார் படிவத்தை நீட்டினாலும், தவறியும் வாக்காளராகப் பதிவு செய்துவிடக்கூடாது. அது நாடு கடத்தலில் போய் முடியலாம்.

பதிவு செய்யத் தேர்தலுக்கு 30 நாள் முன்பே கெடு முடிந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது தவிர, மற்றபடி படிவத்தை அச்சிட்டுக் கையொப்பமிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தபால் வாக்கு விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்பாகக் கவுண்டியைச் சென்றடைய வேண்டும். உறையில் குறை கண்டால் அதிகாரிகள் தெரிவிப்பார்கள். மாநிலத்தின் இணையத் தளத்திலும் வாக்கின் நிலையைப் பார்க்கலாம். தேர்தல் நாளுக்குப் பின் ஆறாவது நாள் வரை அந்தக் குறையைச் சரிசெய்ய அவகாசம் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் உறையை ஒட்டும் முன், மடிப்பைத் தூக்கி அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.