யானை ஆடினால் கணக்கு வருமா?

"ரீச்சர், இவள் கண்ணால பாத்துத்தான் படிப்பாள். அதுதான் கணக்கு அப் ஒண்டு இறக்கிக் குடுத்தனான்."

இந்த மாதத்தில் இதைச் சொன்ன நான்காவது தாய். புதுக்குடியிருப்புப் பக்கம், பிள்ளை தரம் 2. போனை வாங்கி அந்தச் செயலியைப் பார்த்தேன். திரையில் 7 + 5, மேலே ஒரு யானை ஆடுகிறது, கீழே நான்கு விடைகள். பிள்ளை யானையையும் பார்க்கவில்லை, கணக்கையும் பார்க்கவில்லை. விரல் 10ஐத் தொட்டது, 11ஐத் தொட்டது, 12ஐத் தொட்டது. நட்சத்திரம் கொட்டியது. தாயின் முகத்தில் அப்படியொரு பெருமை.

மேசையில் புளியங்கொட்டையை ஏழும் ஐந்துமாக வைத்துக் கேட்டேன். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நடுவில் ஒன்றை இரண்டு தரம் தொட்டுப் பதின்மூன்று என்றாள்.

அந்த யானையை எடுத்துவிட்டு எருமையை ஆடவிட்டாலும் கணக்கில் ஒன்றும் மாறாது. அப்படியென்றால் அது வெறும் சோடனை. கணக்கைக் காட்டும் படம் எப்படி இருக்கும்? ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்துக் கட்டம். ஏழு புள்ளி வைத்தால் மூன்று கட்டம் வெறுமையாகக் கிடக்கும். ஐந்தில் மூன்று அங்கே போய் உட்காரும், இரண்டு வெளியே மிஞ்சும். எண்ணாமலே பன்னிரண்டு தெரிந்துவிடும். தமிழில் சொல்லே கைகொடுக்கிறது: பன்னிரண்டு, பதின்மூன்று எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எண்ணும் செயலியில் அந்த உதவி போய்விடும். தொண்ணூறில் நம் மொழியும் காலை வாரும், பத்துக்குப் பதில் நூறு ஒலிக்கும்.

அடுத்தது, இந்தக் 'கண்ணால் படிக்கும் பிள்ளை' கதை. பிள்ளைகளைப் பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் 2008இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் ஆசிரியர் பயிலமர்வுகளில் பிள்ளைகளை இப்படிப் பிரிக்கும் அட்டவணை இன்னும் ஓடுகிறது, சரி, அதை விடுவோம். சின்னப் பிள்ளைகள் எல்லாருமே எண்ணைக் கண்ணால் காண வேண்டியவர்கள்தான். அதற்கு முன் கையால் அள்ள வேண்டும்.

ஒரு செயலியைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் பத்து நிமிடம் நீங்களே விளையாடுங்கள். வேண்டுமென்றே பிழையாகத் தொடுங்கள். 'பிழை' என்று கத்திவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறதா, பொருளை அடுக்கிக் காட்டுகிறதா? நேரம் ஓடும் கடிகாரத்தை நிறுத்த முடியாவிட்டால் அழித்துவிடுங்கள். டேட்டாவை நிறுத்திப் பாருங்கள். ரீலோட் முடிந்ததும் படுத்துவிடும் செயலி நமக்குச் சரிவராது. இடையில் கடன் விளம்பரம் வந்தாலும் அதே தீர்ப்புத்தான்.

'நம்பர் ஃபிரேம்ஸ்' என்று ஒன்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முக்கியமாகக் கட்டமும் புள்ளியும்தான். நட்சத்திரம் கொட்டாது, அதனால் பக்கத்தில் யாராவது இருந்து கேள்வி கேட்க வேண்டும். அதற்குத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை.

காசு கட்டி எதையும் வாங்குவதற்கு முன் தயவுசெய்து போனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஐந்து நிமிடம் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.