புரோட்டா மாஸ்டர் காலும் ஃபுட் வால்வும்

செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டருக்கு புரோட்டா சாப்பிடப் போறவங்க கல்லத்தான் பாப்பாங்க, மாஸ்டர் கால யாரு பாக்கா. எனக்குத் தெரிஞ்ச மாஸ்டர் அண்ணாச்சி சாயங்காலம் 4 மணிக்கு கல்லு முன்னாடி நின்னா ராத்திரி 12 வரைக்கும் அசைய மாட்டாரு, கைலிய மடிச்சுக் கட்டுனா கெண்டக்கால்ல பச்சையும் நீலமுமா புடைச்சு நெளிஞ்சு கெடக்கும். கேட்டா "நரம்பு சுருட்டிக்கிச்சு, புனலூர்ல தைலம் வாங்கித் தேய்க்கேன்"ம்பாரு.

நரம்புன்னு சொல்றதுலதான் பாதி கொழப்பமே. இது உணர்ச்சிய கடத்துற நரம்பு இல்ல, ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற சிரை, டாக்டருங்க இத வெரிகோஸ் வெயின்ம்பாங்க. மலையாளத்துலயும் ரெண்டுக்கும் ஞரம்புதான், அதனால ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குள்ள போனாலும் கொழப்பம் தீராது.

கெணத்துல மோட்டார் போட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும். பைப்போட அடிமுனையில இருக்க ஒருவழி வால்வு, அதான் ஃபுட் வால்வு, லீக்கானா பைப்புல ஏறுன தண்ணி திரும்ப கெணத்துக்கே எறங்கிரும்லா, அதே கததான். கால் சிரைக்குள்ள ஒருவழிக் கதவு மாதிரி வால்வு வரிசையா இருக்கு, மோட்டாரு நம்ம கெண்டக்கால் சதை, நடக்கும்போது அது இறுகி ரத்தத்த மேல பிதுக்கித் தள்ளும், வால்வு மூடிக்கிட்டு கீழ எறங்க விடாது. ஆடாம அசையாம நின்னா கணுக்கால் சிரையில அழுத்தம் சுமாரா 90 மில்லிமீட்டர் பாதரசம், நடந்தா 30க்கும் கீழ வந்துரும். வால்வு கெட்டவங்களுக்கு நடந்தாலும் அவ்வளவு எறங்காது, ரத்தம் தேங்கித் தேங்கி சிரை வீங்கி வளையும். நிக்கிற வேல மட்டும் காரணம் இல்ல, குடும்பவாகு, பிரசவம், எடை, வயசு எல்லாம் சேரும்.

தைலம் தோல மெதுவாக்கும், அவ்வளவுதான், கெட்ட வால்வ சரி பண்ணாது. கால இறுக்கிப் பிடிக்கிற நீள சாக்ஸ், கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங், நல்லா கைகொடுக்கும், கணுக்கால்ல டைட்டா இருந்து மேல போகப் போக லூசாகும், காலைல கால் வீங்குறதுக்கு முன்னாடியே மாட்டிரணும். ஆனா அதுவும் குணமாக்காது, கட்டுப்படுத்தும். சுகர்ல கால் ரத்த ஓட்டம் கொறஞ்சவங்க டாக்டர கேக்காம போடவே கூடாது.

கெட்ட சிரைக்கு ஒரு முடிவு கட்டணும்னா, ரத்தம் ஓடுற தெசையக் காட்டுற டாப்ளர் ஸ்கேன்ல எந்த வால்வு போச்சுன்னு பாத்துட்டு, லேசரோ ரேடியோ அலையோ வச்சு அந்த சிரைய உள்ளயே சுட்டு மூடிருவாங்க, பெரும்பாலும் அன்னைக்கே நடந்து வீட்டுக்கு வந்துரலாம். மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்னு அண்ணாச்சி பயந்தாரு. கால் ரத்தத்துல பெரும்பகுதி போறது சதைக்குள்ள இருக்க ஆழச்சிரை வழியாத்தான், மேல இருக்கது கெளை ரோடு மாதிரி. ஆனா நாளாவட்டத்துல வேற சிரையில திரும்ப வரலாம், அதையும் சொல்லிரணும்.

கணுக்கால் உள்பக்கம் தோலு கறுத்து அரிச்சா தள்ளிப்போடாதீங்க, அடுத்து புண்ணுதான், லேசுல ஆறாது. புடைச்ச எடம் ஒடஞ்சு ரத்தம் வந்தா படுத்து கால ஒசத்தி துணிய வச்சு அமுக்குங்க. ஒத்தக்கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா ஆழச்சிரைக்குள்ள ரத்தம் ஒறஞ்சு அடைச்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இப்ப அண்ணாச்சி மாவு வீசுறப்பவே குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குறாரு, பாக்கிறவன் டான்ஸுன்னு நெனக்கான். ஸ்கேனுக்கு மட்டும் குத்தால சீசன் முடியட்டும்ங்கிறாரு, அது முடிஞ்சா சபரிமலை சீசன் வந்துரும்.