இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று படகிலிருந்து குதிக்காதீர்கள்

"அண்ணே, இடுப்பளவுதான் தண்ணி. இறங்கி ஒரு போட்டோ எடுத்துட்டு ஏறிக்கிறோம்." மண்டபம், பாம்பன் பக்கம் பாய்மரப் படகு ஓட்டும் என்னிடம் இதைக் கேட்காத பயணிகள் குறைவு. போன வாரம் வந்தவர் கேட்கக்கூட இல்லை. மணல்திட்டு தெரிந்ததும் குதித்துவிட்டார். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த நாட்டுப்படகுக்காரர்கள்தான் அவரைத் தூக்கினார்கள். போதும், எழுதிவிடுகிறேன்.

ஆழம் குறைவு என்பதும் ஆபத்து குறைவு என்பதும் ஒன்றல்ல. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். குருசடை, பூமரிச்சான், மனோலி என்று இந்தப் பக்கம் இருப்பவற்றுக்கு நடுவே உள்ள கால்வாய்கள் குறுகலானவை. நீரோட்டம் அங்கே வேகமெடுக்கும். வெள்ளம் போகும் ஆற்றில் முழங்காலளவில் நின்று பார்த்தவருக்கு நான் சொல்வது புரியும். நிற்க முடியாது என்றால் இடுப்பளவு என்ன, ஆளுயரம் என்ன? காலுக்கடியில் மணல் அரிக்கும். நாலு எட்டு தள்ளினால் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, முடிந்து பள்ளம் தொடங்கும். நீச்சல் தெரியும் என்கிறீர்களா? ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் சீக்கிரமே கை ஓய்ந்துவிடும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் அது தனி வேதனை. முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; ஆழமாகக் குத்திய முள்ளை நீங்களே பிடுங்காதீர்கள்.

இன்னொன்று. பாய் விரித்த படகு பஸ் மாதிரி பிரேக் போட்டு நிற்காது. விழுந்தவரை எடுக்க வளைத்துத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் பார் இருக்கும் கால்வாயில் திருப்ப இடம் எங்கே?

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம். கரையில் அமைதியாகத் தெரிகிறதே என்று வாதாடாதீர்கள். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வந்தால் கால்வாய்க்குள் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். ஓட்டுபவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பாரை நாங்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். வெளிர்பச்சை மணல், பழுப்பு பார். கடற்புல் படுகை கருத்துத் தெரிவதால் புதியவர்கள் அதை ஆழம் என்று நினைத்துவிடுவார்கள். வெயில் உச்சியில் இருந்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் குருசடைப் பக்கமிருந்து மேற்கே மண்டபம் திரும்பும்போது சூரியன் நேரே முகத்தில் அடிக்கும், தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடாகிவிடும். அதனால்தான் சீக்கிரம் திரும்பச் சொல்கிறேன். சூரிய அஸ்தமனம் வேண்டுமென்றால் கரையிலிருந்து பாருங்கள்.

தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது எதற்கு? தண்ணீரில் விழுந்த பிறகு மாட்ட முடியாது. கரையிலேயே போட்டு எல்லா வாரையும் இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள், தாய்மார்களே, கெஞ்சிக் கேட்கிறேன். கால்களுக்கு இடையே வார் உள்ள சின்ன அளவு கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. இரண்டையும் போனில் பதிந்து, போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.